வீட்டுப் புகையும் முதியோர் மூச்சும்

(வானொலி உழவர் பேச்சு)



மாட்டுக்கு இளைப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கொட்டகையில் காற்று வருகிறதா, வைக்கோலில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா, மூட்டம் போட்ட புகை உள்ளேயே நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அப்புறம் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுகிறோம். ஆனால் வீட்டிலே இருக்கிற அப்பத்தாவுக்கு இளைப்பு வந்தால்? "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குக் கிளம்பிவிடுகிறோம். அந்த "வயசாயிடுச்சு" என்கிற வார்த்தையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். வயது ஒரு காரணம்தான். ஆனால் பல வீடுகளில் வயதை விடப் பெரிய காரணம் ஒன்று அடுப்படியில் இருக்கிறது.

அந்த வீட்டில் பார்த்தது

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்புக்காரர் வீடு. பேர் வேண்டாம். தோப்பைப் பார்க்கப் போன நான், பேசி முடித்துவிட்டுச் சாயங்காலம் அவர் வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விடாத இருமல் சத்தம். "அம்மாங்க. ரெண்டு மூணு வருஷமா இப்படித்தான். வயசு எழுபதைத் தாண்டிடுச்சு" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்படியையொட்டிய சுவரோரம் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் அந்த அம்மா தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் விறகடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் பாதி முந்திரி விறகு, பாதி தைல மரத்துச் சுள்ளி.

"என்னங்க ஆத்தா, இந்தப் புகையில படுத்திருக்கீங்க?" என்றேன்.

"புகை என்ன தம்பி புகை, அம்பது வருஷமா இங்கனதான கெடக்கேன். அடுப்படிதான் கதகதப்பா இருக்கு. உலையில அரிசி போடுறதுக்கும் ஒரு ஆள் பாத்துக்கிடணும்ல" என்றார்.

மருமகளைக் கேட்டேன். "நாங்க கேஸ்லதாங்க ஆக்குறோம்" என்றார். அதுவும் பொய் இல்லை. காப்பி, குழம்பு, அவசரச் சமையல் எல்லாம் கேஸ் அடுப்பில்தான். விடிகாலையில் குளிக்க வெந்நீர், சாயங்காலம் சோறு, மாட்டுக்குக் கஞ்சி, இவை விறகில். "சிலிண்டர் நாலு நாள் கூட வரும்ல" என்றார். தோப்பில் விறகு சும்மா கிடக்கும்போது யாருக்குத்தான் அந்த எண்ணம் வராது?

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மருமகள் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அடுப்பில் நிற்கிறார். பிறகு கடலைக் காட்டுக்கோ களத்துக்கோ போய்விடுகிறார். மகன் பகல் முழுக்கத் தோப்பில். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அடுப்பு அணைந்த பிறகும் அறையிலே சுற்றிக்கொண்டிருக்கிற புகையை இருபது மணி நேரத்துக்கு மேல் சுவாசிக்கிறவர் யார்? சமைக்காத அந்த ஒரு ஆள்தான்!

புகையில் என்ன இருக்கிறது?

கண்ணைக் கரிக்கிற புகையைத்தான் நாம் புகை என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் அதிகக் கெடுதல். விறகு சரியாக எரியாதபோது மிக நுண்ணிய கரித்தூள் கிளம்புகிறது. தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தும்மலில், சளியில் வெளியே வந்துவிடும். இந்த நுண்தூள் நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்திலும் கலந்து இதயம், மூளை வரைக்கும் வேலையைக் காட்டும்.

"எங்கேயோ சீமையிலே அளந்து சொல்றாங்க" என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே அளந்திருக்கிறார்கள். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளுக்குப் போய் அளந்து, முடிவை 2002இல் வெளியிட்டார்கள். விறகு, வறட்டி எரிக்கிற வீடுகளில் சமையல் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்தூசி இருந்தது. ஒரு நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால், சமைத்தவர்கள் சுவாசித்தது 231 மைக்ரோகிராம் அளவு. அதே வீடுகளில் சமைக்காதவர்களுக்கு 90.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் நுண்தூசிக்கு வகுத்த வரம்பு, ஒரு நாளைக்கு 15 மைக்ரோகிராம். அந்தக் குழு அளந்த தூசியும் இந்த வரம்பில் சொல்கிற தூசியும் அளவில் கொஞ்சம் வித்தியாசப்படும். ஆனாலும் இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரிகிறது. வீட்டுக்குள் எழுகிற புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று அதே நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, நிமோனியா, நுரையீரல் புற்றுநோய், எல்லாம் இதில் அடக்கம்.

நம் பக்கத்துக்கு மட்டும் உள்ள ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆதனக்கோட்டைப் பக்கம் சாலையோரம் முந்திரி வறுக்கும்போது அந்தப் பக்கம் நடந்தாலே தொண்டையைப் பிடிக்கும், கண்ணில் நீர் வரும். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கிற எண்ணெய்தான் காரணம். கையில் பட்டால் தோலைப் பொத்துவிக்கும் எண்ணெய் அது. "நல்லா எரியுதே" என்று அந்த ஓட்டை வீட்டு அடுப்பில் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். பிளாஸ்டிக் பையை வைத்து அடுப்புப் பற்றவைக்கிற பழக்கமும் அப்படியே. விட்டுவிடுங்கள்.

வயதானவர்களை ஏன் அதிகம் தாக்குகிறது?

மூச்சுக்குழாயின் உள்பக்கம் நெல் நாற்றைப் போல வரிசையாக நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. ஓயாமல் அசைந்து, உள்ளே வந்த தூசியைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. வயது ஏற ஏற அந்த அசைவு மந்தமாகிறது. வருஷக்கணக்கில் புகை பட்டால் இன்னும் கெடுகிறது. இருமித் துப்புகிற பலமும் குறைந்துபோகிறது. நுரையீரலின் மீள்சக்தி, பழைய ரப்பர் போலத் தளர்கிறது. போதாததற்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு என்று ஏதாவது ஒன்று துணைக்கு இருக்கும்.

அதாவது, இருபது வயதில் உள்ளே போன புகையை உடம்பு ஓரளவு வெளியே தள்ளியது. எழுபது வயதில் அதே புகை உள்ளேயே தங்குகிறது. அதிலும் நம் தாய்மார்கள் பத்து, பன்னிரண்டு வயதிலிருந்து ஊதுகுழலைப் பிடித்தவர்கள். ஒரு பீடி கூடக் குடிக்காத பெண்களுக்குப் பீடி குடிக்கிறவர்களுக்கு வருகிற நுரையீரல் அடைப்பு வருவதைப் பார்க்கிறோமே, அது இதனால்தான்.

கூரை மாறியது, அடுப்பு மாறவில்லை

"அந்தக் காலத்துல எல்லாரும் விறகுலதானே ஆக்கினாங்க? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

அந்தக் காலத்திலும் கெடுதல் இருந்தது. யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. கீற்றுக் கூரையில் புகை கசிந்து வெளியேறும். ஓட்டு வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகப் போகும். முற்றம் இருந்தால் அதுவே பெரிய புகைபோக்கி. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம், பிறகு பிரதம மந்திரி வீட்டுத் திட்டம் என்று குடிசைகள் பல கான்கிரீட் வீடுகளாயின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது நம் பகுதியில் கூரைகள் பறந்ததும், முந்திரி, பலா, தென்னை, தைலம் என்று மரங்கள் சாய்ந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகு கட்டினவர்கள் கெட்டியாகக் கட்டினார்கள். மழைக்கும் புயலுக்கும் அது நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மழை நுழையாத கூரையில் புகையும் வெளியேறாது. பழைய அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புது வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டோம். புயலில் விழுந்த மரத்தை வெட்டிக் குவித்ததால் விறகுக்கும் பஞ்சமில்லாமல் போயிற்று. சிலர் ஈரம் காயும் முன்பே எரித்தார்கள். பச்சை விறகு ஒரு பங்கு எரிந்தால் மூன்று பங்கு புகையும்.

இன்னொன்று, இலவச கேஸ் அடுப்பு 2007இல் மாநில அரசு மூலம் வந்தது. 2016 மே முதல் தேதி உஜ்வலா திட்டம் வந்தது. இன்று கேஸ் இணைப்பு இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அடுப்படியில் இரண்டு அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. "கேஸ் வந்துருச்சு, இனிப் புகை இல்லை" என்று நினைக்கிறோம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை விறகு எரிந்தால் புகை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

டார்ச் விளக்குச் சோதனை

உங்கள் வீட்டில் எப்படி என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, சாயங்காலம் அடுப்பு எரிகிற நேரத்தில் பெரியவர் படுக்கிற கட்டிலில் நீங்கள் போய்க் கால் மணி நேரம் உட்காருங்கள். நின்றுகொண்டு பார்க்காதீர்கள், அவர் தலை இருக்கிற உயரத்தில் உங்கள் தலை இருக்கட்டும்.

இரண்டாவது, சமையல் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து விளக்கை அணைத்துவிட்டு டார்ச் விளக்கை அறைக்குக் குறுக்கே அடியுங்கள். வெளிச்சக் கோட்டில் புகை மிதப்பது தெரியும். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒட்டடையைப் பாருங்கள். ஒட்டடை சாம்பல் நிறமாக இருந்தால் வெறும் தூசி. கறுப்பாகக் கனத்துத் தொங்கினால் புகை போகிற வழி அது. பெரியவர் கட்டிலுக்கு மேலே கறுப்பு ஒட்டடை தொங்குகிறதா? விடை கிடைத்துவிட்டது.

நான் சொன்ன தோப்புக்காரர் இதைச் செய்து பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் எழுந்து வெளியே வந்துவிட்டார். "என்னால பத்து நிமிஷம் முடியலைங்க" என்று மட்டும் சொன்னார்.

என்ன செய்யலாம்?

எடுத்தவுடனே ஒன்றைச் சொல்கிறேன். அப்பத்தாவை அடுப்படியிலிருந்து விரட்டாதீர்கள், புகையை விரட்டுங்கள். அடுப்படி அவருக்கு வெறும் அறை அல்ல. ஐம்பது வருஷமாக அவர் ஆண்ட இடம். "நீங்க அந்தப் பக்கம் போங்க" என்று கட்டிலைத் தூக்கி மாட்டுக் கொட்டகையோரம் போட்டால், மூச்சு தேறினாலும் மனசு உடைந்துபோகும். அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

விறகு வேலையை வெளியே கொண்டுபோங்கள். வெந்நீர், நெல் அவிப்பது, மாட்டுக் கஞ்சி, இந்த மூன்றும் வீட்டுக்குள் நடக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளியே ஒரு சாய்ப்பு இறக்கி அங்கே விறகடுப்பைப் போடுங்கள். எந்த மூலையில் போடுவது? நம் பக்கம் ஆனி, ஆடியில் மேல்காற்று. கார்த்திகை, மார்கழியில் வாடை. மேற்கே அடுப்பு இருந்தால் ஆடியில் புகை வீட்டுக்குள் வரும். வடகிழக்கே இருந்தால் மார்கழியில் வரும். தென்கிழக்கு மூலையில் இருந்தால் இரண்டு காற்றுக்கும் புகை வீட்டைத் தொடாமல் ஒதுங்கிப் போகும். அக்னி மூலை என்று பெரியவர்கள் சொன்ன மூலையும் அதுதான். சன்னலுக்கு நேராக மட்டும் போட்டுவிடாதீர்கள்.

உள்ளே ஆக்குவது கேஸில் இருக்கட்டும். சிலிண்டர் செலவு பயமுறுத்துகிறதென்றால் சிக்கனத்துக்கு வழி உண்டு. அரிசி, பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள், பாத்திரத்தை மூடிவையுங்கள், குக்கரைப் பயன்படுத்துங்கள், கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். மழைக்காலத்தில் வெளியடுப்பு முடியாது. அந்த இரண்டு மாதத்துக்காவது ஒரு சிலிண்டரைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வாடை அடிக்கிற அந்த மாதங்களில்தான் முதியவர்களுக்கு நெஞ்சுச்சளியும் அதிகம்.

கேஸுக்கு மாறினால் புகை எவ்வளவு குறையும்? நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களும், குவாதமாலா, பெரு, ருவாண்டா நாடுகளும் சேர்ந்த ஒரு பெரிய ஆய்வில், 3,200 கர்ப்பிணிகளின் வீடுகளில் பாதிப் பேருக்கு 18 மாதம் கேஸ் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவுப்படி, விறகு எரித்தவர்கள் சுவாசித்த நுண்தூசி 70 மைக்ரோகிராம் சுமாருக்கு இருக்க, கேஸ் வீட்டுப் பெண்களுக்கு அது 24 ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு! பிறந்த குழந்தைகளின் எடையில் மட்டும் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உடம்பு தேறுவதற்கு அடுப்பு மட்டும் போதாது, காலமும் வேண்டும் என்பது இன்னொரு நாட்டு அனுபவம். சீனாவில் ஷுவான்வெய் என்கிற பகுதியில் வீட்டு நிலக்கரி அடுப்புகளுக்குப் புகைபோக்கி வைத்தார்கள். வைத்த வீடுகளில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு குறைந்ததை 2005இல் எழுதினார்கள்; அந்தப் பலன் தெளிவாகத் தெரியப் பத்து வருஷம் ஆயிற்று. அதனால் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே தொடங்குவது நல்லது.

புகைக்கு மேலே வழி விடுங்கள். சூடான புகை மேலேதான் ஏறும். இடுப்பு உயரத்துச் சன்னலைத் திறந்தால் மட்டும் அது போகாது. அடுப்புக்கு மேலே கூரையையொட்டி ஒரு முழ அகலத்துக்கு ஒரு திறப்பு வேண்டும். எதிர்ச் சுவரில் தாழ்வாக ஒரு வழி வேண்டும். கீழே நல்ல காற்று வந்து மேலே புகை போகும். கான்கிரீட் வீட்டில் நீங்களாகச் சுவரை உடைக்காதீர்கள். கொத்தனாரைக் கேட்டு, லிண்டல் பெல்ட்டைத் தொடாமல் செய்யுங்கள். முடிந்தவர்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம். சமைக்கும்போது மேல் விசிறியைச் சுழலவிடாதீர்கள். மேலே போன புகையை அது கீழே தள்ளிவிடும்.

புகைபோக்கி அடுப்பு வைத்திருந்தால் குழாய் கூரைக்கு மேலே இரண்டு, மூன்று அடி உயர்ந்திருக்க வேண்டும். மாதம் ஒரு தரம் கரியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். 1980களில் அரசாங்கம் ஊர் ஊராகக் கொடுத்த புகையில்லா அடுப்புகளில் பல, கரி அடைத்துக்கொண்டதும் மூலையில் போய்ச் சேர்ந்தன. கீற்றுக் கூரை வழியாகக் குழாயை விடும்போது தீப்பிடிக்காத காப்பு வையுங்கள்.

கட்டிலை மாற்றுங்கள். அடுப்படிக்குப் பொதுச் சுவர் இல்லாத அறை, காற்று வருகிற பக்கம், திண்ணை, எது தோதோ அது. கதகதப்பு வேண்டும் என்கிறார்களா? நல்ல போர்வை, காலுக்கு உறை, வெந்நீர்ப் பை கொடுங்கள். குளிருக்கு அடுப்படிதான் மருந்து என்று விட்டுவிடாதீர்கள்.

விறகு எரித்தே ஆகவேண்டுமென்றால் ஒரு கோடைக் காய்ச்சலாவது வாங்கின விறகாக, மெல்லியதாகப் பிளந்து எரியுங்கள். அடுப்பு வாயை அடைக்கிற மாதிரி செருகாதீர்கள்.

வாசனைக்குப் பின்னாலும் கெடுதல் உண்டு

கொசுவத்திச் சுருள் பெரியவர்கள் கட்டிலுக்கு அடியிலேயே எரிகிறது. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சுருள் முழுக்க எரிந்தால் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்த அளவு நுண்தூசி வரும் என்று கண்டார்கள். கொசுவலை ஒன்று கட்டிவிடுங்கள்; ராத்திரி முழுக்கக் காவல், புகையும் இல்லை. சாம்பிராணி, ஊதுபத்தி சாமிக்குப் போடுங்கள். சன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள். இளைப்பு உள்ளவரை அந்த நேரம் திண்ணையில் உட்காரவையுங்கள். மாட்டுக்குப் போடுகிற மூட்டம் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பீடி வேண்டவே வேண்டாம்.

தணல் சட்டியை மூடின அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. கரித் தணலில் புகை தெரியாது, வாசனையும் இல்லாத நச்சுவாயு வரும். தலைவலி, மயக்கம், வாந்தி, தூக்கம், அதோடு முடிந்துவிடும். மார்கழிக் குளிரானாலும் சரி, ஒருபோதும் செய்யாதீர்கள்.

பூச்சிமருந்து டப்பா, தெளிப்பான், உர மூட்டை இவையெல்லாம் பெரியவர் அறை மூலையில் அடுக்கியிருக்கிறதா? எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறிப் பூஞ்சணம் பூத்த சுவரைத் துடைத்துக் காயவிட்டு வெள்ளையடியுங்கள். கடலை உடைப்பது, தூற்றுவது காற்றுக்குக் கீழ்ப்பக்கம், வீட்டை விட்டுத் தள்ளி நடக்கட்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் "புகை இருமல்" என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். காசநோயாகவும் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். நடந்தால் மூச்சு வாங்குவது, ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருப்பது, கால் வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, நெஞ்சு வலி, மயக்கம் என்றால் காத்திருக்கவே கூடாது, 108க்குக் கூப்பிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து கொடுக்க வீடு தேடி வருகிறார்களே, அவர்களிடம் இருமலையும் சொல்லுங்கள்.

இழுப்பு மருந்து கொடுத்தால் பயப்பட வேண்டாம். "ஒரு தரம் இழுத்தா அதுக்கே அடிமையாயிடும்" என்பது வீண் பேச்சு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிப் போகும். இழுப்பு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. இழுக்கிற முறையை மருத்துவர் முன்னாலேயே ஒரு தரம் செய்து காட்டச் சொல்லுங்கள். இழுத்த பிறகு வாயைக் கொப்பளிக்கட்டும். சளிக்காய்ச்சல், நிமோனியாத் தடுப்பூசி பற்றியும் கேட்டு வையுங்கள்.

அந்த வீட்டுக்கு நான் ஒரு வருஷம் கழித்துப் போனேன். விறகடுப்பு தென்கிழக்குச் சாய்ப்புக்குப் போயிருந்தது. அடுப்படிச் சுவரில் மேலே ஒரு திறப்பு. கட்டில் தெற்குப் பார்த்த அறையில். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டி, இழுப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். இருமல் அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கெட்டுப்போன நுரையீரல் புதிதாக முளைக்காது. ஆனால் ராத்திரி படுத்துத் தூங்குகிறார். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "உலை கொதிக்குது பாரு, அரிசியைப் போடு" என்று அங்கிருந்தே மருமகளுக்கு உத்தரவு போட்டார். நாலு வார்த்தையும் ஒரே மூச்சில் வந்தது. முன்பு அது முடியாது.

அதனால் விவசாயப் பெருமக்களே, இன்றைக்குச் சாயங்காலம் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டிலில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். "வயசாயிடுச்சு" என்று அதற்கு முன்னால் சொல்லாதீர்கள்.